கைக்குள் அடங்காத கதிர்த் துப்பாக்கி

1898-இல் புத்தகமாக வந்த எச்.ஜி. வெல்ஸின் நாவலில், செவ்வாய்வாசிகள் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரால் மனிதர்களை எரிக்கிறார்கள். அந்தக் கதிரைக் குவித்து அனுப்ப, கலங்கரை விளக்கில் இருப்பது போன்ற பரவளையக் கண்ணாடி ஒன்றை வெல்ஸ் வைத்திருந்தார். பின்னால் வந்த கதைகள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கைத்துப்பாக்கி ஆக்கின. இயற்பியல் இடறுவது அங்கேதான்.

எவ்வளவு நேராக அனுப்பினாலும் ஒளி போகப் போக விரியும். இது விளிம்பு விளைவு. இலக்கில் விழும் புள்ளியின் விட்டம் = 2.44 × அலைநீளம் × தூரம் ÷ வாய் விட்டம். அலைநீளம் 1 மைக்ரோமீட்டர், துப்பாக்கி வாய் 1 செ.மீ. என்றால், 1 கி.மீ. தள்ளி அந்தப் புள்ளி 24 செ.மீ. அகலத்துக்கு, சாப்பாட்டுத் தட்டு அளவில் பரவியிருக்கும். அதில் எதுவும் துளைபடாது. வாயை 30 செ.மீ. ஆக்கினால் புள்ளி 8 மி.மீ. ஆகச் சுருங்கும். ஆக, கண்ணாடி வேண்டும் என்பதில் வெல்ஸ் சரியாகவே இருந்தார்.

அடுத்தது ஆற்றல். 9 மி.மீ. தோட்டா ஒன்றின் ஆற்றல் சுமார் 500 ஜூல். தோட்டா சதையைக் கிழிக்கும், ஒளியோ சூடாக்கத்தான் செய்யும். உடல் சூட்டில் இருக்கும் 1 கிராம் நீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 2,500 ஜூல் தேவை. அதே 500 ஜூலை ஒளியாகப் பாய்ச்சினால் நான்கு சொட்டு நீர் ஆவியாகும், அவ்வளவே.

சரி, 30 கிலோவாட் லேசரைக் கையில் பிடிப்போம் என்றால்? செயல்திறன் 30% என்று வைத்தால் 100 கிலோவாட் மின்சாரம் வேண்டும். ஒன்று 70 வாட் தரும் லித்தியம் செல்கள் 1,400-க்கும் மேல். செல்களின் எடை மட்டுமே 60 கிலோவைத் தாண்டும். மிச்சமுள்ள 70 கிலோவாட்டும் வெப்பமாகச் சுடுபவரின் கையிலேயே இறங்கும்.

காற்றும் சும்மா இருக்காது. கதிர் போகும் பாதையில் காற்று சூடாகி அடர்த்தி குறைய, அதுவே குழிலென்ஸ் போலக் கதிரை விரித்துவிடும். திறனைக் கூட்டக் கூட்ட இந்தத் தொல்லையும் கூடும்.

அதனால்தான் நிஜக் கருவிகள் எல்லாம் பெரியவை. 2014-இல் அமெரிக்கக் கடற்படை பாரசீக வளைகுடாவில் பான்ஸ் கப்பலில் நிறுத்திய 30 கிலோவாட் லேசர், உலோகப் பற்றவைப்புக்கான 6 தொழிற்சாலை லேசர்களின் கதிர்களை ஒரே இலக்கில் குவித்தது. 2025 ஏப்ரலில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ கர்னூலில் சோதித்ததும் 30 கிலோவாட் லேசர்தான். பறக்கும் டிரோனின் ஒரே இடத்தில் கதிரைச் சில நொடிகள் அசையாமல் பிடித்துவைத்தால்தான் ஓடு உருகும். குறி நழுவினால், சூடேறிய இடம் ஆறிவிடும்.

திரைப்படங்களில் வண்ணக் கோடாய்ப் பாயும் கதிரை நம்ப வேண்டாம். வழியில் தூசியோ புகையோ இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. 1 கி.மீ. கடக்க ஒளிக்கு ஒரு நொடியில் 3 லட்சத்தில் ஒரு பங்குதான் ஆகும். விலகித் தப்ப நேரமே கிடையாது.

வெல்ஸின் கதிருக்கு மிக நெருங்கி வருவது லேசர் அல்ல, அமெரிக்க ராணுவம் கூட்டத்தை விரட்ட உருவாக்கிய 95 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைக் கருவி. தோலில் அரை மில்லிமீட்டர்கூட இறங்காமல், சில நொடிகளில் தாங்க முடியாத எரிச்சலைக் கிளப்பும். அதன் அலைநீளம் லேசரைவிட 3,000 மடங்கு நீளம். எனவே ஆன்டெனாவும் பெரிது. அதை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறார்கள்.