புகலிடம்: அஞ்சி வந்தவர் நுழையும் இடம்

காக்கி நிற விமானி உடை, தலையைச் சுற்றிக் கறுப்புத் துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. நிலோஃபர் ரஹ்மானி என்றதும் பலருக்கும் இந்தப் படம்தான் நினைவுக்கு வரும். 2012-இல் பயிற்சி முடித்து, ஆப்கானிஸ்தான் விமானப்படையின் முதல் பெண் விமானி ஆனவர். ஆனால் அப்படி மொட்டையாக எழுதினால் தவறு. அவருக்கு முன்பே லத்தீஃபா நபிஸாதா அந்நாட்டுப் படையில் ஹெலிகாப்டர் ஓட்டியிருக்கிறார். நிலோஃபர் ஓட்டியது ஹெலிகாப்டர் அல்ல, இறக்கை அசையாத விமானம்; அந்த வகையில்தான் அவர் முதல் பெண். பெயரும் நமக்கு அந்நியமில்லை. பாரசீக நிலோஃபரும் நம் நீலோற்பலமும் ஒரே வேரில் பூத்தவை.

2015-இல் சி-130 என்ற பெரிய ராணுவச் சரக்கு விமானத்தில் பயிற்சி பெற அமெரிக்கா போனார். பயிற்சி முடிந்து ஊர் திரும்ப வேண்டிய வேளையில், 2016 டிசம்பரில், அங்கேயே ‘அசைலம்’ கேட்டிருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். இந்தச் செய்தியைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் தஞ்சம், அடைக்கலம், சரண், புகலிடம் என்று நான்கு சொற்கள் கையைப் பிடித்து இழுக்கும். நான்கும் ஒன்று என்று நினைத்து எதை வேண்டுமானாலும் போடுகிறோம். அவை ஒன்றல்ல.

அசைலத்தின் பூர்வீகம் கிரேக்கம். ‘சூலே’ என்றால் பறித்தல், பிடித்துக்கொண்டு போகும் உரிமை. முன்னால் ‘அ’ சேர்ந்தால் மறுப்பு. ‘அசூலோன்’ என்றால் யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு போக முடியாத இடம். கோயில் எல்லைக்குள் ஓடி வந்துவிட்டவன் மேல் துரத்தி வந்தவன் கை வைக்கக் கூடாது. சொல்லின் முதற்பொருள் இவ்வளவுதான். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பிறகு மனநோயாளிகளை வைத்துக் காக்கும் விடுதிக்கும் பெயராயிற்று. சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1871-இல் அங்கே வந்தபோது அதன் பெயரில் இருந்ததும் இந்த அசைலம்தான். பாதுகாப்பான இடம் என்ற பொருளில் தொடங்கிய சொல், ஊரார் வாயில் வசைச்சொல்லாகிப் போனது வருத்தமான கதை.

ஈழத்தமிழர்கள் இந்தச் சொல்லை அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வரிசையில் நின்று கற்றுக்கொண்டார்கள். ஜெர்மனி, சுவிஸ் பக்கம் போனவர்கள் ‘அசூல் அடிச்சம்’ என்பார்கள். லண்டன், கனடா போனவர்களுக்கு அது ‘அசைலம்’. இதில் அசூல்தான் பழைய கிரேக்க ஒலிக்குக் கிட்ட நிற்கிறது.

இனி நம் சொற்கள். தஞ்சம் என்றால் இன்று நமக்கு ஆதரவு, கதி. பழந்தமிழில் அதற்கு வேறு பொருளும் இருந்தது. ‘தஞ்சக் கிளவி எண்மைப் பொருட்டே’ என்கிறது தொல்காப்பியம். எண்மை என்றால் எளிமை. புறநானூற்றில் நலங்கிள்ளி, பணிந்து வந்து ஈ என்று கேட்டால் ‘அரசோ தஞ்சம்’ என்கிறான். அரசாட்சியைத் தூக்கிக் கொடுப்பதுகூட எளிது என்று பொருள். அந்தப் பொருள் இன்று வழக்கில் இல்லை. ஆனாலும் ‘தஞ்சம் என்று வந்துவிட்டான்’ என்னும்போது வந்தவன் எளியவனாகி, கையேந்தி நிற்பது போன்ற தொனி வந்துவிடுகிறது. செய்தித்தாள்களின் ‘அரசியல் தஞ்சம்’ எனக்கு ஒட்டாமல் போவது இதனால்தான்.

அடைக்கலம் இன்னும் கனமான சொல். பாதுகாக்கச் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்த பொருளும் அடைக்கலமே. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். கோவலன் கொலையுண்ட பின் மாதரி என்ன செய்தாள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். ‘அடைக்கலம் இழந்தேன் இடைக்குல மாக்காள்’ என்று அரற்றி நள்ளிரவில் தீப்புகுந்தாள். அடைக்கலம் என்ற சொல்லின் முழுப் பாரமும் ஏற்றுக்கொண்டவர் தலையில் இருக்கிறது. கம்பனில் வீடணன் வந்து நிற்கும்போதும் அப்படித்தான். எதிரியின் தம்பி, போர் நேரம், இவனை நம்பலாமா என்று சுக்கிரீவன் தடுக்கிறான், அனுமன் பரிந்து பேசுகிறான், முடிவு இராமன் கையில். இன்றைய குடிவரவு அலுவலக நேர்காணலை நினைவூட்டும் காட்சி. ஆனால் அங்கே கிடைப்பது ஒரு மன்னனின் அருள். சட்டத்தில் அருளுக்கு இடமில்லை. பிற நாடுகளில் புகலிடம் தேடும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 14-ஆம் பிரிவில் சொல்கிறது.

சரண் என்ற சொல்லைப் படையாள் விஷயத்தில் தொடவே கூடாது. ‘விமானி சரணடைந்தார்’ என்று எழுதினால் எதிரியிடம் ஆயுதத்தைக் கீழே போட்டார் என்றுதான் எவரும் படிப்பார்கள்.

மிஞ்சுவது புகலிடம். புகு என்ற வினையிலிருந்து புகல், அதனோடு இடம். சீர்காழிக்குப் புகலி என்று ஒரு பெயர் உண்டு. சூரபதுமனுக்கு அஞ்சிய தேவர்கள் புகுந்த ஊர் என்று தலபுராணம் காரணம் சொல்லும். தமிழகத்து இடைக்காலக் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்றே ஒரு தொடர் வருகிறது. அஞ்சி ஓடி வந்தவன் புகுவதற்கென்று குறிக்கப்பட்ட இடம். அங்கே புகுந்தவனுக்குத் தீங்கு செய்யக் கூடாது. கிரேக்க அசூலோனுக்கு இதைவிட நெருங்கிய தமிழை நான் பார்த்ததில்லை. இன்றைய சட்டத்துக்கும் இதுவே நெருக்கம். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ஒருவரை அகதி என்று ஏற்கக் கேட்கும் முதல் கேள்வியே, தகுந்த ஆதாரமுள்ள அச்சம் இருக்கிறதா என்பதுதான். இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்று ஐந்து காரணங்களை அது அடுக்குகிறது. அதில் ‘பெண் என்பதால்’ என்று ஒன்று இல்லை. பெண்களின் வழக்குகளைச் சமூகக் குழு என்ற வாசல் வழியாகவோ அரசியல் கருத்து என்ற வாசல் வழியாகவோதான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

நிலோஃபரின் அச்சம் எங்கிருந்து வந்தது? அவர் ஊரில் ஓட்டியது சி-208 என்ற சிறிய சரக்கு விமானம். காயம்பட்டவர்களையும் இறந்தவர்களையும் பெண் விமானிகள் ஏற்றிச் செல்லக் கூடாது என்று தடை இருந்தது. ஒருமுறை தரையிறங்கிய இடத்தில் காயம்பட்ட வீரர்கள் கிடந்தார்கள். தடையை மீறி அவர்களை ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் மேலதிகாரிகளிடம் சொன்னார். பெயர் பரவப் பரவத் தாலிபான்களிடமிருந்து மிரட்டல் வந்தது. சொந்த பந்தங்களிலும் சிலர் எதிரானார்கள். குடும்பம் வீடு மாற்றிக்கொண்டே இருந்தது. 2015 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை அவருக்கு வீரப் பெண்களுக்கான சர்வதேச விருதை வழங்கியது. விருது புகழைக் கூட்டியது, புகழ் ஆபத்தைக் கூட்டியது.

புகலிடம் கேட்டது தெரிந்ததும் காபூல் பாதுகாப்பு அமைச்சகம் அவர் உயிருக்கு ஆபத்தில்லை என்றது. கோரிக்கையை ஏற்க வேண்டாம் என்று அமெரிக்காவிடம் கேட்டுக்கொண்டது. ‘ஓடிப்போனவர்’ என்ற பட்டமும் இப்படிப்பட்டவர்கள் மேல் எளிதாக விழுந்துவிடும். 1976-இல் சோவியத் விமானி விக்தர் பெலென்கோ மிக்-25 போர் விமானத்தோடு ஜப்பானின் ஹகோடாட்டேயில் வந்திறங்கினார். அதுதான் அணி மாறுவது. விமானமும் அதன் ரகசியங்களும் கூடவே போயின. நிலோஃபர் எதையும் கொண்டுபோகவில்லை. தன் அரசே அனுப்பிய பயிற்சிக்குப் போய், போன இடத்தில் சட்டப்படி மனுக் கொடுத்தார். அவரை ‘அணி மாறியவர்’ என்று எழுதுவது அநியாயம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மனுக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். அச்சம் உண்மை என்று ஏற்கப்பட்டவரே சட்டக் கணக்கில் அகதி. அகதி என்பது வடசொல். கதி, அதாவது போக்கு, அற்றவர். அசூலோனிலும் அகதியிலும் முன்னால் நிற்பது ஒரே மறுப்பு ‘அ’. ஒன்று பிடிக்க முடியாத இடம், மற்றது போக இடமில்லாத ஆள். தனித்தமிழ் வேண்டுவோர் ஏதிலி என்று எழுதுகிறார்கள். ‘ஏதிலார் குற்றம்போல்’ என்ற குறளில் ஏதிலார் என்றால் நமக்கு வேண்டாத வெளியார். ஓடி வந்தவரைப் பெயரிலேயே வெளியாராக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அகதி என்ற சொல்லே இருக்கட்டும்.

ஆகவே எழுத வேண்டியது இப்படி: நிலோஃபர் ரஹ்மானி அமெரிக்காவில் புகலிடம் கோரினார், 2018-இல் அவருக்குப் புகலிடம் கிடைத்தது. காபூலில் பேசும் தாரி மொழியில் இதற்குப் பனாஹந்தகி என்று பெயர். பனாஹ் என்றால் புகல். முகலாய மன்னர்களை ‘ஜஹான்பனா’ என்று விளித்தார்களே, உலகத்தின் புகலே என்று, அந்தப் பனாதான். நிலோஃபர் குழந்தையாக இருந்தபோது போருக்கு அஞ்சி அவர் குடும்பம் பாகிஸ்தானுக்குப் போய், பிறகு காபூலுக்குத் திரும்பியது. அப்படி எல்லை தாண்டிய ஆப்கானியர்களை அங்கே முஹாஜிர் என்பார்கள். குழந்தையில் முஹாஜிர், படையில் கேப்டன், அதற்குப் பிறகு பனாஹந்தா.