குறட்டை நின்ற பிறகு

அப்பா மல்லாந்து படுத்துத் தூங்கினால் அடுத்த அறை வரை குறட்டை கேட்கும். சத்தம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. பயமுறுத்தியது, அது சட்டென்று நிற்பதுதான். ஓர் இரவு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போய் அப்படியே அறுந்தது. ஆனால் வயிறு சும்மா இருக்கவில்லை. வயிறு மேலே எழும்பும்போது நெஞ்சு உள்ளே இறங்கியது, இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதுபோல. மூக்கருகே புறங்கையை வைத்தேன். காற்றே வரவில்லை. மனசுக்குள் எண்ணினேன். 22 வரை வந்தபோது உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது, பெரிய மூச்சு ஒன்று உள்ளே போனது, மறுபடி குறட்டை தொடங்கியது. காலையில் கேட்டால், “நல்லாத்தானே தூங்கினேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

இதைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தூக்கத்தில் குறைந்தது 10 நொடிக்குக் காற்றோட்டம் நின்றால் அது ஓர் ஆப்னியா. முழுதாக நிற்காமல் பெரிதும் குறைந்தால் அதற்கு ஹைப்பாப்னியா என்று பெயர். இரண்டையும் சேர்த்து மணிக்கு எத்தனை முறை என்று கணக்கிடுவார்கள். பெரியவர்களுக்கு 5-ஐத் தொட்டால் கோளாறு, 30-ஐத் தொட்டால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, இரவு முழுக்க.

சரி, மூச்சு ஏன் நிற்கிறது? மூச்சு போகும் வழியைப் பாருங்கள். மூக்குக்கு எலும்பும் குருத்தெலும்பும் உண்டு. கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. இடையில் ஒரு சாணுக்கும் குறைவான தொண்டைப் பகுதி மட்டும் வெறும் சதையால் ஆன குழாய். அங்கே எலும்பு வைத்துக் கட்டவும் முடியாது. விழுங்கும்போது அது இறுக வேண்டும், பேசும்போது வடிவம் மாற வேண்டும். நாக்கின் அடியில் இருக்கும் நாவடி எலும்புகூட வேறு எந்த எலும்போடும் சேராமல் தசைகளிலேயே தொங்குகிறது.

இந்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பவை தசைகள்தான். அவற்றில் முக்கியமானது, கீழ்த்தாடையின் உட்புறம் நடுவில் தொடங்கி விசிறிபோல நாக்குக்குள் விரியும் தசை. நாக்கை முன்னால் இழுத்து வைப்பது அதன் வேலை. விழித்திருக்கும்போது, நாம் மூச்சை இழுப்பதற்கு ஒரு கணம் முன்பே மூளை அதை முறுக்கேற்றிவிடுகிறது. வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் காற்றை அழைக்கிறது. தூக்கம் வந்ததும் இந்த முறுக்கு தளர்கிறது. கனவு அதிகம் வரும் ரெம் உறக்கத்தில் இன்னும் தளர்கிறது. ஆனால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் ஓய்வதில்லை, இழுத்துக்கொண்டே இருக்கிறது. நனைந்த காகித ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதேதான் இங்கேயும். பாதி ஒட்டும்போது சுவர்கள் அதிர்வதால் வருவது குறட்டை. முழுதாக ஒட்டிக்கொண்டால் மௌனம்.

எல்லோருக்கும்தான் தசை தளர்கிறது, சிலருக்கு மட்டும் ஏன் அடைபடுகிறது? முதல் காரணம் இடநெருக்கடி. கழுத்திலும் நாக்குக்குள்ளேயும்கூடக் கொழுப்பு சேரும். தாடை சிறிதாகவோ பின்தள்ளியோ இருந்தால், ஒல்லியானவருக்கும் நாக்கு பின்னால்தான் ஒதுங்க வேண்டும். “எடையைக் குறையுங்கள்” என்ற ஒற்றை அறிவுரையோடு இந்த நோயைப் பேசி முடிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எடை பெரிய காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பேச்சால், மெலிந்த உடம்புக்காரர்கள் தங்களுக்கு இது வராது என்றே நினைத்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்கோ பெரும்பாலும் தொண்டையின் டான்சிலும் மூக்கின் பின்புறச் சதையான அடினாய்டும் வீங்கி வழியை மறிக்கின்றன.

மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தசையை மேலும் தளர்த்தும். மல்லாந்து படுத்தால் நாக்கைப் புவியீர்ப்பு பின்னால் தள்ளும். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. இன்னொன்று என்னை வியக்க வைத்தது: பகலெல்லாம் கால்களில் தேங்கிய நீர், படுத்த பிறகு மெல்லக் கழுத்துப் பக்கம் நகர்ந்து தொண்டையை வெளியிலிருந்து நெருக்குமாம். கால் வீக்கத்துக்கும் குறட்டைக்கும் இப்படியும் ஓர் உறவு.

இதுவரை சொன்னது வழி அடைபடுவது. வழி திறந்திருந்தும் மூச்சு நிற்பது வேறு வகை. மூச்சு விடும்படி மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து போகும் உத்தரவே வராது. அப்போது வயிறும் அசையாது, நெஞ்சும் அசையாது. தூக்கத்தில் மூச்சை நடத்துவது பெரும்பாலும் ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு. அது ஓர் அளவுக்குக் கீழே போனால் மூளை, இப்போது மூச்சு வேண்டாம் என்று விட்டுவிடும். இதயம் பலவீனமானவர்களுக்கு நுரையீரலிலிருந்து ரத்தம் மூளைக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது. வெந்நீர் தாமதமாக வரும் குழாயில் நாம் திருகைக் கூட்டிக் கூட்டிப் பிறகு சுட்டுக்கொள்வதுபோல, மூளை பழைய செய்தியை நம்பி அதிகமாக மூச்சிழுக்கும், அப்புறம் ஒரேயடியாக நிறுத்தும். இந்த ஏற்ற இறக்கத்தை 1818-இல் ஜான் செய்ன் என்ற மருத்துவரும் 1854-இல் வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற மருத்துவரும் எழுதி வைத்தார்கள். அவர்கள் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. உயரமான மலைகளில் தூங்குபவர்களுக்கும் இதேபோல் விட்டுவிட்டு மூச்சு வரும். ஓப்பியாய்டு வகை வலி மருந்துகளும் இந்த உத்தரவை மழுங்கடிக்கும்.

அடைப்பை உடைப்பது விழிப்பு. ஆக்சிஜன் இறங்கி, கார்பன் டை ஆக்சைடு ஏறி, மூச்சுக்கான இழுவை உச்சத்துக்குப் போகும்போது மூளை சில நொடிகள் விழித்துக்கொள்கிறது. தசை முறுக்கேறுகிறது, வழி திறக்கிறது. அந்த விழிப்பு நினைவில் தங்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் எகிறுகிறது. மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகளும் இழுபட்டு விரிகின்றன. உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்று இதயம் எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. அப்பா இரவில் மூன்று முறை எழுவதை நாங்கள் வயதின் கணக்கில் எழுதியிருந்தோம்.

மருத்துவரிடம் கைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவைக் காட்டினேன். அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார். பிறகு செய்த தூக்கப் பரிசோதனையிலும் நெஞ்சுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என இரண்டு பட்டைகள் கட்டினார்கள். அடைப்பா, உத்தரவின்மையா என்று பிரித்துச் சொல்வது அவைதான். அப்பாவுக்கு அடைப்பு. சிபாப் கருவி கொடுத்தார்கள். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட முறை அது. மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், அந்தக் காற்றே உள்ளிருந்து தொண்டைக்கு முட்டுக்கொடுத்து நிற்கும். அதற்கு முன்பு கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதுதான் உறுதியான வழியாக இருந்தது.

அந்தக் கருவியின் முகமூடி பழக அப்பாவுக்கு இரண்டு வாரம் ஆனது. அதன் பிறகு ஓர் இரவு மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். அறையில் சத்தமே இல்லை. வயிறும் நெஞ்சும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. அன்று அவர் ஒரு முறைதான் எழுந்தார்.