மும்பை சொசைட்டி கமிட்டி எதை முடிவு செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் போன்ற, தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதிகளில், 'சொசைட்டி' எனப்படும் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில், சொசைட்டி கமிட்டியைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்டுவருகிறேன். "சம்பளம் வாங்காமல் உழைக்கிறோம், எங்களிடமே கணக்குக் கேட்கிறார்கள்" என்பது கமிட்டியினரின் மனக்குறை. "உள்ளே என்ன நடக்கிறதோ, யாருக்குத் தெரியும்" என்பது மற்றவர்களின் சந்தேகம். நான் பார்க்கும் தகராறுகளில் பணம் உண்மையாகவே காணாமல் போனவை குறைவு. உறுப்பினர்கள் அனைவரும் அடங்கிய பொதுக்குழு எடுக்க வேண்டிய முடிவைக் கமிட்டியே எடுத்ததாலும், எடுத்த முடிவைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டதாலும் மூண்டவையே மிகுதி.

1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 72ஆம் பிரிவு, சங்கத்தின் இறுதி அதிகாரம் பொதுக்குழுவிடமே இருப்பதாகக் கூறுகிறது. ஐந்தாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் கமிட்டி, அந்த அதிகாரத்தின் கீழ் அன்றாட வேலைகளைக் கவனிக்கும் குழு மட்டுமே. மெயின்டனன்ஸ் வசூலிப்பது, வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வது, சொத்து வரி கட்டுவது ஆகியவற்றை அது மாதம் ஒரு முறையாவது கூடி முடிவு செய்துகொள்ளலாம். பெரிய பழுதுபார்ப்பு, மெயின்டனன்ஸ் தொகையை உயர்த்துவது, கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் ஆகியவை பொதுக்குழுவுக்கு வந்தே தீர வேண்டும்.

நான் தணிக்கை செய்த ஒரு கட்டடத்தில், மழைக்காலத்துக்கு முன் மொட்டைமாடிக் கசிவை நிறுத்தியாக வேண்டிய நிலையில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான செகரட்டரி தமக்குத் தெரிந்த ஒப்பந்ததாரரை அழைத்து வேலையை முடித்துவிட்டார். வேலை நன்றாகவே இருந்தது. அந்த ஆண்டு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனால் வேறு எவரிடமும் கொட்டேஷன் வாங்கவில்லை, செலவு, கமிட்டி தானாகவே செலவிடக்கூடிய வரம்பைத் தாண்டியிருந்தது, குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த ஆண்டு கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளரிடம் புகார் போயிற்று. மனம் நொந்து அவர் விலகினார். அந்தப் பதவிக்கு வர எவரும் முன்வரவில்லை. நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் தணிக்கையில் நேர்மைக்கு ஆதாரம் காகிதம்தான்.

அவசரம் என்பதும் ஆள் சேராது என்பதும் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். சங்கங்கள் பின்பற்றும் மாதிரித் துணைவிதிகளின்படி சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்ட, அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையில் முழுதாக ஐந்து நாள் அவகாசம் தந்தால் போதும். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20 பேர், இவற்றில் எது குறைவோ அது. அதுவும் சேராவிட்டால், கமிட்டி கூட்டிய கூட்டத்தை ஒத்திவைத்து, அரைமணி நேரம் கழித்து வந்தவர்களைக் கொண்டே நடத்த முடியும். மேற்படி கசிவுக்கு இந்த வழி தாராளமாகப் போதுமானதாக இருந்திருக்கும்.

சேமிப்பு நிதிகளில் குழப்பம் இதைவிட அதிகம். நிலத்தின் மதிப்பை நீக்கி, கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 0.25 சதவீதத்துக்குக் குறையாமல் சிங்கிங் ஃபண்டும், 0.75 சதவீதம் பழுதுபார்ப்பு நிதியும் வசூலிக்க வேண்டும். மெயின்டனன்ஸ் பாக்கி ஏறிய மாதங்களில் சிங்கிங் ஃபண்டை எடுத்து மின்கட்டணம் கட்டும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. கட்டடம் தளரும் நாளுக்கென வைத்த பணம் அது. 15 முதல் 30 ஆண்டு வயதுள்ள கட்டடத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறையும், அதைக் கடந்தவற்றுக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறையும் கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கும் கட்டமைப்புத் தணிக்கை செய்ய வேண்டும் என்கின்றன துணைவிதிகள். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் இதைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

பிள்ளைகளுடன் சென்னைக்கோ கோவைக்கோ போய்விட்டு, மும்பை வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களிடம் சங்கம் வாங்கும் கூடுதல் கட்டணம், மாநகராட்சி வரிகள் நீங்கலான சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறும்போது மாநகராட்சிப் பகுதியில் சங்கம் வாங்கக்கூடிய பிரீமியம் எனும் மாற்றுக் கட்டணத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாய். "நன்கொடை" என்ற பெயரில் இதற்கு மேல் கட்டாயப்படுத்திக் கேட்க எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் கிடையாது.

ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30க்குள் நடந்தாக வேண்டும். அறிவிப்பு 14 நாள் முன்னதாகக் கைக்கு வர வேண்டும். தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துக் குடிசை மறுவாழ்வுத் திட்டக் கட்டடங்களில் குறிப்பேடு மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுவதால், நம் பெரியவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து வந்ததற்குச் சான்றே தவிர, தீர்மானத்துக்கு ஒப்புதல் ஆகாது. எதிர்ப்பு இருப்பவர் அதைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லலாம். பிறகு கட்டணம் செலுத்தி நகலும் கேட்கலாம். தீர்மானங்களைக் கூட்டம் கலையும் முன்பே தமிழிலும் இந்தியிலும் வாசித்துக் காட்டும்படி நான் தணிக்கை செய்யும் கமிட்டிகளிடம் சொல்லிவருகிறேன். சிலர் செய்கிறார்கள், நேரமில்லை என்பவர்களே இன்னும் அதிகம்.