பழைய படத்தைப் புதுப்பிக்கக் கொடுப்பதற்கு முன்னால்

காலம் கெடுத்த படங்களைவிட, ஆசையாகப் புதுப்பிக்கக் கொடுத்துக் கெட்டுப்போன படங்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. ஓவியங்களைச் சீர்செய்து பராமரிப்பது என் தொழில். தஞ்சாவூர்ப் பலகைப் படம், ரவி வர்மா அச்சுப் படம், எண்ணெய் வண்ண உருவப்படம், காகிதத்தில் வரைந்த மையோவியம் என்று எல்லாமே வரும். கொண்டுவருபவர்களில் விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் உண்டு. பாட்டி வீட்டைப் பாகம் பிரித்தபோது பங்காக வந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பழைய படத்தில் பளபளப்பைத் தேடாதீர்கள். அதன் வயதும் மதிப்பும், நீங்கள் அழுக்கு என்று துடைக்கப் பார்க்கும் மேற்பரப்பிலும், யாரும் திருப்பிப் பார்க்காத முதுகுப் பக்கத்திலும்தான் இருக்கின்றன.

தஞ்சாவூர்ப் படத்திலிருந்து தொடங்குகிறேன். நம் வீடுகளில் அதிகம் பாழாவது அதுதான். மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி (1798–1832) அரியணையில் இருந்தபோது செழித்த கலை இது. ராஜு, நாயுடு குடும்பத்து ஓவியர்கள் பரம்பரையாகச் செய்தார்கள். பெயரைப் படத்தில் எழுதும் வழக்கம் அவர்களுக்கு இல்லாததால், அந்தக் கைகள் யாருடையவை என்று இன்று சொல்ல முடிவதில்லை. பலா அல்லது தேக்குப் பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துணிக்கு மேல் சுண்ணக்கல் மாவைப் பசையில் குழைத்துப் பூசிய பூச்சு, அதை மேடாக்கி நகையும் தூணும் விதானமும் எழுப்பி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டுவார்கள். மீதி இடத்தில் வண்ணம். அந்த வண்ணமும் பிசின், பசை கலந்து தீட்டியதுதான். ஆகவே தண்ணீர் பட்டால் கரையும். பூச்சும் ஈரத்தைக் குடித்து உப்பும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே பல படங்கள் பிழைத்திருக்கும்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி நவநீத கிருஷ்ணன் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். பூஜை அறையில் இருந்தது. விளக்குப் புகையில் கறுத்துவிட்டதே என்று வீட்டார் ஊரிலேயே ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் முதலில் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். கிருஷ்ணன் முகத்தில் புருவமும் கண்ணோரக் கோடும் துணியோடு போய்விட்டன. போனதை மறைக்க, கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயின்டை எடுத்து முகம் முழுக்கப் பூசிவிட்டார். ரேக்கு உதிர்ந்த இடங்களில் தங்க நிறத் தாள். அது பித்தளைத் தாள், ஆகவே ஓரிரு மழைக்காலத்துக்குள் பச்சை பூத்துவிட்டது. "தம்பி, பழைய முகம் வருமா?" என்று ஆச்சி கேட்டார். எனாமலுக்கு அடியில் மூல வண்ணம் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ, அங்கே மட்டும் வரும் என்று சொன்னேன். உருப்பெருக்கியின் கீழ் அறுவைக் கத்தியின் நுனியால் பொட்டுப் பொட்டாகப் பெயின்டைச் சுரண்டி எடுத்ததில் வலக் கன்னமும் மூக்கும் கிடைத்தன. புருவம் கிடைக்கவில்லை. அதை நான் புதிதாக எழுதவும் இல்லை. கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தால் உறுத்தாத அளவுக்கு நிறத்தை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன். அதையும் பின்னால் வேறொருவர் எடுத்துவிட முடியும். எங்கள் தொழிலில் முதல் விதியே அதுதான்: செய்ததை எடுத்துவிட முடியவேண்டும்.

புகைப்படிவு படத்துக்கு நல்லதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அதை எடுக்க வேண்டியவர் பூச்சின் நிலையைச் சோதித்து, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே பரிசோதித்துப் பார்த்த பிறகு எடுக்கவேண்டும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது மென்மையான தூரிகையால் தூசி தட்டுவது மட்டுமே. பூச்சு எங்காவது எழும்பி நின்றால் அதுவும் கூடாது. பின்பக்கம் கரையான் மருந்து அடிக்கும் பழக்கத்தையும் கைவிடுங்கள். மருந்து பலகை வழியாக ஊறிப் பூச்சுக்குப் போய்ச் சேரும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். கண்ணாடி போடுவதென்றால் படத்தில் முட்டாமல் இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். முட்டியிருந்தால் புழுக்கத்தில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கண்ணாடியைக் கழற்றினால் படமும் சேர்ந்து வரும்.

வாங்குபவர்களுக்கு ஒன்று. "நூற்றைம்பது வருஷத்துப் படம்" என்று சொல்லி விற்கப்படுகிற தஞ்சாவூர்ப் படங்களில் நேற்றுச் செய்தவை நிறைய. பழைய கதவுப் பலகையை எடுத்து, புதுப் படம் எழுதி, புகை காட்டி, டீ டிகாக்ஷன் தடவி வயதேற்றிவிடுகிறார்கள். அதனால்தான் முதலில் திருப்பிப் பாருங்கள் என்கிறேன். வண்டு துளைத்த ஓட்டை மரத்தின் மேற்பரப்பில் வட்டப் புள்ளியாகத்தான் தெரியவேண்டும். வண்டு உள்ளே போன பாதை வாய்க்கால் போல நீளவாக்கில் திறந்து கிடந்தால், வண்டு அரித்த பிறகு அந்த மரத்தை அறுத்திருக்கிறார்கள், அல்லது இழைத்திருக்கிறார்கள் என்று பொருள். பின்னால் ஒட்டுப்பலகை (பிளைவுட்) இருந்தால் பேச்சே வேண்டாம். முன்பக்கத்தில் வெடிப்புகளைக் கவனியுங்கள். உண்மையான பழம்படத்தில் பலகைகள் சேரும் இடத்தையும் மரத்தின் ரேகையையும் ஒட்டித்தான் பெரும்பாலும் வெடித்திருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வெடித்து, ஒரே அளவில் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பெரிய விலை என்றால் வண்ணத்தையே பரிசோதிக்கலாம். டைட்டேனியம் வெள்ளை புழக்கத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு. தாலோ நீலம் என்ற செயற்கை நிறமி 1930-களில் வந்தது. சரபோஜி காலத்துப் படத்தின் மூல வண்ணத்திலேயே அவை இருக்க வழியில்லை. பின்னாளில் யாரோ தொட்டெழுதிய இடத்தில் இருக்கலாம் என்பதால், எந்த இடத்திலிருந்து மாதிரி எடுத்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, "எங்க வீட்ல ரவி வர்மா ஒரிஜினல் இருக்கு, கையெழுத்துகூட இருக்கு" என்று வரும் தொலைபேசி அழைப்புகள். அநேகமாக எல்லாமே ஓலியோகிராப் எனப்படும் கல்லச்சுப் படங்கள். கையெழுத்தும் சேர்ந்தே அச்சானதுதான்.

ரவி வர்மா 1848-ல் கிளிமானூரில் பிறந்தவர். தஞ்சாவூர்ப் பாணியில் வரைந்துவந்த தாய்மாமன் ராஜராஜ வர்மாதான் முதல் ஆசான். திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்தவர்கள் அதை எளிதில் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்தே பெரும்பாலும் கற்றார். அவருடைய படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டால் பலருக்கும் போய்ச் சேருமே என்று யோசனை சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் தி. மாதவ ராவ். கடைசியில் ரவி வர்மா 1894-ல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். பிளேக் பரவிய காலத்தில் அது லோனாவாலா பக்கத்திலுள்ள மாளவ்லிக்குப் போனது. நஷ்டம் தாங்காமல், அங்கே வேலைசெய்த ஜெர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைஷருக்கு அதை விற்றுவிட்டார். கூடவே நின்று இயற்கைக் காட்சிகளையும் பின்னணிகளையும் எழுதிக்கொடுத்த தம்பி சி. ராஜராஜ வர்மா 1905-ல் இறந்தார். அடுத்த ஆண்டே, 1906 அக்டோபரில், ரவி வர்மாவும் போய்விட்டார். அவர் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் அந்த அச்சகம் அவர் பெயரிலேயே படம் போட்டுக்கொண்டிருந்தது. அதனால் படத்தில் "ரவி வர்மா அச்சகம்" என்று இருப்பதை வைத்து, அது அவர் காலத்தில் அச்சானது என்றுகூடச் சொல்லிவிட முடியாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதிக விலை இல்லை. சரஸ்வதியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கல்லச்சு என்றால் ஒழுங்கில்லாத சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். இளஞ்சிவப்பு, பழுப்பு, நீலம் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டிருப்பார்கள். புள்ளிகள் வரிசை தப்பாமல் பூப்போல அடுக்கியிருந்தால் அது பிற்கால ஆப்செட் இயந்திர அச்சு. தூரிகை இழுத்த தடம் தெரிந்தால்தான் கையால் தீட்டியது. மேலே கித்தான் நெசவு போலத் தெரிவதை நம்பாதீர்கள், அச்சான பிறகு அழுத்தி உண்டாக்கியதாகவும் இருக்கும். புறஊதா டார்ச் இருந்தால் காகிதத்தின் ஓரத்தில் அடித்துப் பாருங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் காகிதத்தில் வெளிறச்செய்யும் ரசாயனம் சேர்ந்திருக்கிறது. அது பொதுவாக 1950-க்குப் பிந்திய காகிதம்.

அச்சுப் படம் என்று தெரிந்ததும் முகம் வாடிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாட வேண்டாம். நல்ல நிலையில், விளிம்பு வெட்டப்படாமல், அச்சகப் பெயரோடு இருக்கும் பழைய ஓலியோகிராபுக்கென்று சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நம் பாட்டிமார் லட்சுமியின் புடவைக்குச் சரிகை ஒட்டி, ஜிகினா தைத்து அலங்கரித்த படங்களைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அந்தச் சரிகையைப் பிய்க்காதீர்கள். கீழ்விளிம்பை வெட்டி புதுச் சட்டத்துக்குள் நுழைப்பதுதான் பெரிய நாசம், அச்சகப் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நம் ஊரின் சி. கொண்டையராஜுவைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அவரை இன்னும் நாம் சரியாக மதிக்கவில்லை என்பது என் எண்ணம். 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவரும் டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. மீனாட்சி கல்யாணம் என்றதும் பலர் மனத்தில் வருவது அவர் வரைந்த காட்சிதான். அச்சுக்குப் போன கையோவியத்தை யாரும் கலைப்பொருளாக நினைக்கவில்லை, அது தொழிலுக்கான மூலம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஓவியம் உங்கள் கைக்கு வந்தால், ஓரத்தில் பென்சிலில் எழுதிய அளவுக் குறிப்புகளையும் ஒட்டுநாடாத் தடத்தையும் அழிக்காதீர்கள். அச்சகத்துக்குப் போய்வந்த மூலம் என்பதற்கு அவைதாம் சாட்சி.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறாண்டு தாண்டிய ஓவியம் தொல்பொருள். அதை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும், தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் கலைப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டவை, நூறாண்டு ஆகாவிட்டாலும் வெளியே போகக்கூடாது. அமெரிக்காவிலிருக்கும் மகனுக்குத் தாத்தா படத்தை அனுப்ப நினைப்பவர்கள், பெட்டி கட்டுவதற்கு முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். விமான நிலையத்தில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டுப் படங்களில் ஆபத்து வேறு மாதிரி. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் சென்னை அருகே தொடங்கிய சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தில், ஓவியர்கள் பத்திக் துணி (மெழுகு தடவிச் சாயமேற்றும் துணி) போட்டு விற்று வயிறு கழுவிக்கொண்டே வரைந்தார்கள். அவருடைய மாணவர் கே. ராமானுஜம், மனநோயோடு போராடியபடியே, மாளிகைகளும் பறக்கும் விலங்குகளும் தொப்பி போட்ட மனிதனுமாக ஒரு தனி உலகத்தை மையில் வரைந்தார். 1973-ல் இளம் வயதிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று வாங்க ஆளில்லாத அந்தக் காகிதங்கள் இன்று ஏலத்துக்கு வருகின்றன, ஏலத்துக்கு வந்துவிட்டால் போலிகளும் பின்னாலேயே வரும். கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். ஓவியரிடமிருந்து உங்கள் கை வரைக்கும் அந்தப் படம் எப்படி வந்தது என்ற வரலாற்றை உண்டாக்குவதுதான் கடினம்.

அந்தக் காலத்தில் ஓவியரிடமே நேரில் வாங்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் அப்படி வாங்கியிருந்தால், ரசீது, ஓவியர் எழுதிய கடிதம், கண்காட்சி அழைப்பிதழ், பின்னால் படம் தெரியும் கல்யாணப் புகைப்படம் எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். யாரிடம், எந்த வருஷம், என்ன விலைக்கு வாங்கினார் என்று அவரையே ஒரு தாளில் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் படத்தின் முதுகில் ஒட்டாதீர்கள், பசை காகிதத்தைப் பழுப்பாக்கும். தனி உறையில் வைத்து, எந்த அலமாரியில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.