டாம் எப்போது உயர்திணை ஆனான்?

டாம் அண்ட் ஜெர்ரியில் நான் டாம் கட்சி. சின்ன வயதில் ஜெர்ரி பக்கம்தான் இருந்திருப்பேன், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே. ஆனால் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, எலியைப் பிடிக்காவிட்டால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்களே என்று ஓடி ஓடி அடி வாங்கும் அந்தப் பூனையைப் பார்த்தால் சிரிப்போடு கொஞ்சம் வயிறும் கலங்குகிறது.

சமீபத்தில் ஒரு பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, டாம் சட்டென்று திரும்பி ஓடும் இடத்தில் நிறுத்தி, பிரேம் பிரேமாகத் தட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு பிரேமில் டாமையே காணோம். ஈரச் சுண்ணாம்பில் யாரோ உள்ளங்கையை வைத்து இழுத்த மாதிரி ஒரு சாம்பல் தீற்றல், அதன் ஒரு ஓரத்தில் பாதி முகம், இன்னொரு ஓரத்தில் தேவைக்கு அதிகமாக இரண்டு கால்கள். இத்தனை வருஷமாக நான் பரிதாபப்பட்டது இந்தக் கறைக்காகவா? அப்புறம் மறுபடி ஓடவிட்டேன். டாம் வந்துவிட்டான்.

வந்துவிட்டான். வந்துவிட்டது என்று எழுதக் கை வரவில்லை. இலக்கணப்படி பூனை அஃறிணை, காகிதத்தில் வரைந்த பூனை அதைவிடவும் கீழே. பள்ளிக்கூடத்தில் திணை வழுவமைதி என்று நடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? தன் பசுவைப் பார்த்து ஒருவன் 'என் அம்மை வந்தாள்' என்றால் அது பிழையில்லை, உவப்பினால் அப்படிச் சொல்லலாம் என்று நன்னூல் விட்டுக்கொடுக்கிறது. சரி, பசுவுக்காவது உயிர் இருக்கிறது, பால் தருகிறது. வெறும் கோட்டுக்கும் சாயத்துக்கும் அந்தச் சலுகையை நம் மூளை எந்த இடத்தில் கொடுக்கிறது?

கொடுக்க ஆரம்பிப்பது அசைவில். சினிமா பிலிம் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். அந்தக் காலக் கார்ட்டூன்களில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்துவிடுவார்கள், ஆக விநாடிக்கு 12 படம். வேகமான இடங்களில் மட்டும் பிரேமுக்கு ஒன்று. ஏழு நிமிஷப் படத்துக்கு 10,080 பிரேம் என்று கணக்குப் போட்டால் எத்தனை பேருக்கு விரல் தேய்ந்திருக்கும் என்று புரியும். இது ஏன் ஓட்டமாகத் தெரிகிறது என்பதற்குப் பழைய பாடப் புத்தகங்களில் 'பிம்பம் கண்ணில் கொஞ்ச நேரம் தங்குவதால்' என்று ஒரு விளக்கம் இருக்கும். தங்கினால் என்ன ஆகும், ஒன்றின் மேல் ஒன்று படிந்து மசமசவென்று தெரியும், அவ்வளவுதான். கை அசைந்ததாகத் தெரியாது. 1912ல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இரண்டு கோடுகளை அடுத்தடுத்து மின்னவிட்டுப் பார்த்தார். இடைவெளி சுமார் 60 மில்லிவிநாடி இருந்தபோது, பார்த்தவர்களுக்கு இரண்டு கோடு தெரியவில்லை, ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது தெரிந்தது. நகர்வு திரையில் இல்லை. அதைத் தயாரிப்பது மூளை, அதற்கென்று பின்பக்கத்தில் தனியாக ஒரு பகுதியே வைத்திருக்கிறது. 1983ல் ஜெர்மானிய மருத்துவர்கள் விவரித்த ஒரு நோயாளிக்கு அந்தப் பகுதி கெட்டுப்போயிருந்தது. நிறம் தெரியும், உருவம் தெரியும், அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் தேநீர் ஊற்றினால் விழும் தேநீர் உறைந்த பனி மாதிரி நிற்கும், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வழியவிடுவார். அவருக்கு டாமும் ஜெர்ரியும் வெறும் படக்கட்டு.

இப்போது அந்தத் தீற்றல் விஷயம். கேமராவில் எடுத்த மனிதன் வேகமாகக் கை வீசினால் ஒவ்வொரு பிரேமிலும் கை கலங்கலாகப் பதியும், ஏனென்றால் ஷட்டர் திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள்ளும் கை நகர்ந்துவிடுகிறது. வரைந்த கை அப்படிக் கலங்காது. ஒவ்வொரு படமும் கூர்மையாக இருக்கும், இரண்டு படத்துக்கு நடுவில் தூரம் அதிகமானால் மூளையால் முடிச்சுப் போட முடியாமல் உருவம் வெட்டி வெட்டிக் குதிக்கும். அதனால் ஓவியர்கள் கலங்கலையும் சேர்த்தே வரைந்துவிட்டார்கள்: உடம்பை ரப்பராக இழுப்பது, ஒரே கையை நாலைந்து இடத்தில் வரைவது, பாதி உலர்ந்த தூரிகையால் நிறத்தைத் தேய்ப்பது. கோடுகளைச் செல்லுலாய்டு தாளில் பிரதி எடுத்து நிறம் பூசும் பிரிவுகளில் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெண்கள்தான் இருந்தார்கள். ஒரு கண்சிமிட்டலுக்குக்கூடத் திரையில் நிற்காத தேய்ப்பை அவர்கள் எவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறார்கள் என்று நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். அவர்களில் பலருடைய பெயர் திரையில் வந்ததே இல்லை.

ஆனால் அசைவு மட்டும் இருந்தால் போதாது, ஜன்னல் திரைகூட அசைகிறது. எனக்கு டாமிடம் பிடித்தது அவனுடைய கனம். வாணலியில் மோதினால் முகம் வாணலி வடிவத்துக்குப் போய், அதிர்ந்து, மெதுவாகப் பழையபடி வருகிறது. இதில் ஒரு கட்டாய விதி இருக்கிறது: நசுக்கினால் அகலம் கூட வேண்டும், இழுத்தால் மெலிய வேண்டும், மொத்தக் கன அளவு மாறக்கூடாது. உயரத்தைக் குறைத்துவிட்டு அகலத்தை அப்படியே விட்டால் உருவம் சுருங்கியதாகத்தான் தெரியும், நசுங்கியதாகத் தெரியாது. டிஸ்னி ஸ்டூடியோவில் ஓவியர்களுக்குப் பயிற்சியாகப் பாதி நிரம்பிய மாவு மூட்டையை வரையச் சொல்வார்களாம், கண் மூக்கு எதுவும் இல்லாமல், அந்த மூட்டை சோகமாக இருக்கிறது, கோபமாக இருக்கிறது என்று. ரேஷன் கடையில் பாதி காலியான அரிசி மூட்டை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சிரமமே இல்லை. எடை எங்கே தொங்குகிறது என்பதிலேயே ஒரு மனநிலை தெரிந்துவிடுகிறது.

ஒரு உபகதை. 1949ல் வந்த ரோடு ரன்னர் கார்ட்டூனின் ஓநாய், பாறை விளிம்பு தாண்டி வெறும் காற்றில் ஓடி, கீழே பார்த்த பிறகுதான் விழும். இது நியூட்டனுக்கு அபத்தம், நம் உள்ளுணர்வுக்கு அப்படியில்லை. விளிம்பைத் தாண்டும் பொருள் எப்படி விழும் என்று 1980களில் மைக்கேல் மெக்லாஸ்கி என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, நேராகக் கொஞ்ச தூரம் போய் அப்புறம் விழும் என்கிற மாதிரி கோடு போட்டவர்கள் இருந்தார்கள், இயற்பியல் படித்தவர்கள் உட்பட. உந்துவிசை தீர்ந்ததும் பொருள் விழுகிறது என்று ஐரோப்பாவில் இடைக்காலத்து அறிஞர்கள் நம்பினார்கள். அந்த ஓநாய் அவர்களுடைய சிஷ்யன்.

அடுத்தது, என் கணக்கில் இதுதான் பெரிய வித்தை: நேரம். டாம் ஓடுவதற்கு முன்னால் ஒரு காலைத் தூக்கிப் பின்னால் சாய்வான், கால் சக்கரமாகச் சுற்றும், அப்புறம் ஒரே நொடியில் ஆள் இல்லை, புழுதி மட்டும். ஒரு புது இடத்துக்குப் பார்வையைத் திருப்ப நம் கண்ணுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி, அதாவது ஐந்து பிரேம், ஆகும். அந்தச் சாய்வு இல்லாமல் டாம் ஓடிவிட்டால் நாம் பார்ப்பதற்குள் காட்சி முடிந்துவிடும். முன்கூட்டியே சொல்லிவிட்டதால் ஓட்டத்துக்கு மூன்று நாலு படம்கூடப் போதும், மிச்சத்தை நாமே போட்டுக்கொள்கிறோம். டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய இருவரில் ஜோசப் பார்பெரா கதையைப் படங்களாக வரைவார், வில்லியம் ஹன்னா எந்த அசைவுக்கு எத்தனை பிரேம் என்று பிரிப்பார். கிட்டத்தட்ட தாளக்கட்டு போடுகிற வேலை. 12 பிரேமுக்கு ஒரு தட்டு வைத்தால் நிமிஷத்துக்கு 120 தட்டு, எட்டு பிரேமுக்கு என்றால் 180. ஸ்காட் பிராட்லியின் இசை ஒவ்வொரு காலடியிலும் வந்து சரியாக உட்காருவது இதனால்தான். சத்தம் வெறும் அலங்காரம் இல்லை, அது பார்வையையே மாற்றும். எதிரெதிரே வரும் இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று தாண்டிப் போவதாகத்தான் பெரும்பாலும் தெரியும். சேரும் கணத்தில் ஒரு 'டக்' சேர்த்தால் மோதித் திரும்புவதாகத் தெரிகிறது என்று 1997ல் காட்டினார்கள். வாணலியின் 'டங்' இல்லாவிட்டால் அந்த அடி அடியே இல்லை.

இனிதான் திணை மாறும் இடம். 1940ல் வந்த முதல் படத்தில் டாமுக்குப் பெயர் ஜாஸ்பர், எலிக்குத் திரையில் பெயரே கிடையாது. இன்னும் ஒரு பொருளை உடைத்தால் வெளியே போ என்று வீட்டுக்காரம்மா பூனையிடம் சொல்லிவிடுகிறார். உடனே எலி ஒரு கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிக் கீழே போடப்போவதாகக் காட்டுகிறது. பூனை அப்படியே நிற்கிறது. இரண்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நமக்கோ எல்லாம் விளங்கிவிடுகிறது: பூனை எதற்குப் பயப்படுகிறது என்று எலிக்குத் தெரியும், எலிக்குத் தெரியும் என்பது பூனைக்குத் தெரியும். இவ்வளவு கணக்கை நாலு வயதுக் குழந்தை சோற்றை வாயில் வைத்துக்கொண்டே போடுகிறது.

இதற்குப் பூனைகூட வேண்டாம். 1944ல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு திறந்து மூடும் ஒரு பெட்டி, அவ்வளவே. பார்த்ததை எழுதச் சொன்னார்கள். 34 பேரில் ஒரே ஒருவர்தான் முக்கோணம் நகர்ந்தது, வட்டம் நகர்ந்தது என்று வடிவங்களாக எழுதினார். மற்றவர்கள் உயிருள்ளவையாகவே எழுதினார்கள், பெரும்பாலும் மனிதர்களாக: ரவுடி, பயந்த பெண், காப்பாற்ற வந்தவன். துரத்தல், தயக்கம், ஒதுங்கல் என்று அசைவில் ஒரு நோக்கம் தெரிந்தால் போதும், மூளை அங்கே ஒரு மனசை வைத்துவிடும். தமிழில் எழுதியிருந்தால் எல்லாருமே உயர்திணை விகுதிதான் போட்டிருப்பார்கள்.

முகம் வந்ததும் பாசமும் சேர்ந்துவிடுகிறது. பெரிய தலை, உருண்ட கன்னம், பெரிய கண் கொண்ட எதையும் நாம் குழந்தையாக எடுத்துக்கொள்கிறோம் என்று 1943ல் கொன்ராட் லோரென்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் எழுதினார். மிக்கி மவுஸை அளவுகோலால் அளந்தவர் ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற பரிணாம அறிஞர்: ஐம்பது வருஷத்தில் மிக்கியின் கண், தலை நீளத்தில் 27 சதவீதத்திலிருந்து 42க்குப் போயிருந்தது, 1928ல் போக்கிரியாக அறிமுகமான எலி, வயது ஏற ஏறக் குழந்தையாகிக்கொண்டே வந்திருந்தது. ஜெர்ரிக்கு இந்தச் சலுகை முழுசாக உண்டு. ஆரம்பத்தில் டாமின் உடம்பில் கலைந்த முடியும் சுருக்கங்களுமாக நிறையக் கோடுகள் இருந்தன, நாளாவட்டத்தில் வழுவழுப்பாகிவிட்டான், கோடு குறைந்தால் வேலையும் குறையுமே. அவனுக்கு மிஞ்சியது புருவம். அந்த ஒரு ஜோடிக் கோட்டை வைத்துக்கொண்டு நயவஞ்சகம், அசடு, அழுகை எல்லாவற்றையும் காட்டிவிடுகிறான்.

1957ல் டாம் படங்களைத் தயாரித்த எம்ஜிஎம் ஸ்டூடியோ கார்ட்டூன் பிரிவை மூட, ஹன்னாவும் பார்பெராவும் டிவிக்குப் போனார்கள். அங்கே பணமும் இல்லை, நேரமும் இல்லை. அவர்கள் உருவாக்கிய யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் இருப்பது நாகரிகத்துக்காக இல்லை, உடம்பை ஒரே படமாக வைத்துக்கொண்டு தலையை மட்டும் தனியாக அசைக்க, வெட்டு தெரியாமல் மறைக்க. அவர்களுடைய இன்னொரு தொடரில் வரும் ஃப்ளின்ட்ஸ்டோன் வீட்டுக்குள் ஓடினால் அதே ஜன்னல் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கரடியையும் ஃப்ளின்ட்ஸ்டோனையும் எனக்குப் பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவர்களைப் பேச்சுதான் தாங்குகிறது. வாயை மூடிவிட்டால் பொம்மை.

டாமின் அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல். அவர் கத்தியதைப் பதிவு செய்து, தொடக்கத்தையும் முடிவையும் வெட்டி எறிந்துவிட்டு, உச்சத்தில் இருக்கும் நடுப்பகுதியை மட்டும் வைத்தார்கள். நிஜக் கத்தல் எதுவும் அப்படித் தொடங்காது, கொஞ்சமாவது ஏறித்தான் வரும். இது எடுத்த எடுப்பிலேயே உச்சியில் நிற்கும், நின்ற இடத்திலேயே அறுந்துவிடும். பக்கத்து அறையில் டிவி ஓடும்போது அந்தச் சத்தம் கேட்டால் நான் இன்னமும் கையில் இருப்பதை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன், இன்றைக்கு எது விழுந்தது அவன்மேல் என்று.