கம்போஸ்டபிள் பை: ‘மக்கும்’ என்ற சொல் போதுமா?

சமையலறைக் குப்பைக்கூடைக்குள் விரிக்கும் மெல்லிய பச்சைப் பையில் கம்போஸ்டபிள் என்று அச்சடித்திருக்கும், கடையில் கேட்டால் ‘மக்கும் பை’ என்பார்கள், பயோடிகிரேடபிள் என்று அச்சடித்த பைக்கும் தமிழில் அதே பெயர்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பெயர் ஒன்றாகிப்போனதால்தான், எங்கே போட்டாலும் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று நம்பிப் பூந்தொட்டியில் புதைக்கிறார்கள், வாய்க்காலில் வீசுகிறார்கள்.

கம்போஸ்ட், அதாவது காய்கறிக் கழிவையும் சருகையும் சேர்த்துச் செய்யும் உரம், என்ற சொல் லத்தீனின் ‘காம்போஸிட்டம்’ என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒன்றாகச் சேர்த்து வைத்தது என்று பொருள். இசையமைப்பவரைக் கம்போசர் என்பதும், சர்க்கரைப் பாகில் வேகவைத்த பழத்தைக் காம்போட் என்பதும் இதே வேர்தான். ஆக, அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு ஆள் இருக்கிறார்: காய்கறித் தோலையும் சருகையும் அளவாகச் சேர்த்து, ஈரம் பார்த்து, காற்றுப் போகக் கிளறிவிடுகிற ஆள். பயோடிகிரேடபிள் என்பதில் அப்படி யாரும் இல்லை. நுண்ணுயிர்கள் சிதைக்கும், அவ்வளவுதான். எத்தனை நாளில், எங்கே, என்ன மிஞ்சும் என்பதற்கெல்லாம் அந்தச் சொல் பொறுப்பேற்பதில்லை.

கம்போஸ்டபிள் பொறுப்பேற்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரப்படி, 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பொருளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் துண்டுகளாகத் தங்கக்கூடாது, 6 மாதத்துக்குள் நுண்ணுயிர்கள் 90 சதவீதத்தைச் சிதைத்து முடித்திருக்க வேண்டும், கிடைக்கும் உரத்தில் கன உலோகம் வரம்பு மீறக்கூடாது. இந்தியாவில் இதற்கு ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 இருக்கிறது. ஆனால் இதெல்லாம் 58 டிகிரி வாக்கில் சூடு பிடிக்கும் பெரிய உர ஆலையை மனதில் வைத்து எழுதியது, மொட்டைமாடி உரத்தொட்டியில் அந்தச் சூடு நாள்கணக்காக நிற்காது. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மண்ணில் புதைத்த கம்போஸ்டபிள் பை 27 மாதம் கழித்தும் கிடைத்தது, பாரம்தான் தாங்கவில்லை. பயோடிகிரேடபிள் என்று விற்ற பையோ 3 வருடம் மண்ணில் கிடந்த பிறகும் மளிகைச் சாமானைத் தூக்கியது!

சரி, தமிழுக்கு வருவோம். மக்கு என்பதன் பழைய வடிவம் மட்கு, வெட்கம் பேச்சில் வெக்கம் ஆவதுபோல இதுவும் ஆகியிருக்கிறது. பெட்டியிலேயே கிடக்கும் பழந்துணி மக்கும், கூரை ஓலை மக்கும், யாரும் எதுவும் செய்ய வேண்டாம். தானாக நடப்பதைச் சொல்லும் வினை அது. அதனால் பயோடிகிரேடபிளுக்கு ‘மக்கும்’ கச்சிதமான சொல், அதை அங்கேயே விட்டுவிடலாம்.

கம்போஸ்டுக்கு நம்மிடம் எரு இருக்கிறது. ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்று குறளிலேயே வருகிற சொல். எருக்குழி வெட்டி, சாணியும் சருகும் மாட்டுத்தொழுவக் கூளமும் அடுக்கடுக்காகப் போட்டு ஆட்கள் செய்தது அது. ‘எருவாகும் பை’ என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் நகரத்தில் எரு என்றால் சாணி என்று மட்டும் நினைப்பவர்கள் அதிகம் என்பதால் ‘உரமாகும் பை’ என்றே சொல்லலாம். அப்புறம் இன்னொரு சொல்லும் முன்னால் கட்டாயம் வேண்டும்: ஆலையில் உரமாகுமா, வீட்டில் உரமாகுமா? ஆஸ்திரேலியாவில் இரண்டுக்கும் தனித்தனித் தரமே வைத்திருக்கிறார்கள், ஆலைக்கு ஏஎஸ் 4736, வீட்டுக்கு ஏஎஸ் 5810. பை வாங்கும்போது பார்க்க வேண்டியது பச்சை நிறத்தையோ இலைப் படத்தையோ அல்ல, இந்த மாதிரி எண்ணைத்தான்.

மிலான் நகரத்தில் வீட்டு உணவுக்கழிவை உரமாகும் பையில் கட்டித்தான் வெளியே வைக்கிறார்கள், அங்கே சேகரிப்பதிலிருந்து ஆலை வரைக்கும் அதற்கேற்ப அமைத்திருப்பதால் அது சரியாக வருகிறது. இங்கிலாந்தில் உணவுக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகள் பலவற்றில், எந்தப் பையாக இருந்தாலும் முதலிலேயே உருவி எடுத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் அதிக விலை கொடுத்து உரமாகும் பை விரிப்பதில் பலனில்லை. பழைய பிளாஸ்டிக்கோடு மறுசுழற்சிக்கும் இதைப் போடக்கூடாது, பாலித்தீனோடு கலந்தால் அந்தப் பிளாஸ்டிக்கின் தரம் கெடும்.

உங்கள் ஊரில் இந்தப் பையை ஏற்கும் ஆலை இல்லையென்றால் கூடையில் செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்து, அடியில் கொஞ்சம் சருகோ தேங்காய்நார்த் தூளோ தூவுங்கள். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், தாளோடு சேர்த்தே உரத்தொட்டியில் கவிழ்க்கலாம்.