முதியோர் பென்சன் 1,200 ரூபாய்: யாருக்குக் கிடைக்கும், ஊருக்கு அது என்ன செய்கிறது

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊரில் மாதத்தில் ஒரு நாள் காலையில் மாரியம்மன் கோயில் திண்ணை நிறைந்துவிடும். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். வங்கி முகவராக வேலை பார்க்கும் பெண் கையடக்க மிஷினோடு வந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விரல் ரேகை வாங்குவார். எதிர்வீட்டு அப்பாயிக்கு ஐம்பது வருஷம் நாற்று நட்டு, களை பறித்த விரல்கள். ரேகை தேய்ந்துபோய்விட்டது. "ஆயா, முந்தானையில நல்லா தொடச்சிட்டு வைங்க" என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்வார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ மிஷின் ஏற்றுக்கொள்ளும். 1,200 ரூபாயை எண்ணி வாங்கிய கையோடு அப்பாயி மளிகைக் கடைக்குத்தான் போவார். போன மாதப் பாக்கியை அடைத்துவிட்டு, சர்க்கரை மாத்திரைக்கு ஒரு பங்கை முடிந்துகொண்டு, மிச்சத்தில் வெற்றிலை பாக்கு வாங்குவார்.

ஓ.ஏ.பி. பணம், முதியோர் பென்சன், உதவித்தொகை என்று பல பெயரில் சொல்கிறோம். பெயர் எதுவானாலும், புயலோ ஊரடங்கோ அடித்துப் போட்ட பிறகு கிராமத்துக் கடைவீதியில் முதலில் திரும்பி வருவது இந்தப் பணம்தான். அதனால் இதை வாங்குவதற்கான விதிகளை வீட்டில் முதியவர் இருக்கும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாடு வேகமாக முதுமை அடைந்துவருகிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் அப்போதே 10.4 சதவீதம். 2036 வாக்கில் இங்கே ஐந்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருப்பார் என்பது மத்திய அரசு நியமித்த வல்லுநர் குழுவின் கணிப்பு. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதற்குக் கணக்கெடுப்பே தேவையில்லை. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். தெருவில் காலையில் வாசல் தெளிப்பவர்களின் வயதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பணம் எங்கிருந்து வருகிறது

தமிழ்நாட்டில் முதியோர் பென்சன் 1962 ஏப்ரலில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. மத்திய அரசு இதற்குள் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது அதன் பங்கு 75 ரூபாய். 2006இல் 200 ஆனது. 2007இல் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். 2011இல் வயது வரம்பை 65இலிருந்து 60ஆகக் குறைத்து, 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் தங்கள் பங்கை 500 ஆக்கினார்கள். 60 முதல் 79 வரை உள்ளவர்களுக்கு அந்த 200 அப்படியே நின்றுவிட்டது. 2006இல் 200 ரூபாய்க்கு என்னவெல்லாம் வாங்கினோம் என்பது வீட்டுக்கணக்கு எழுதுகிறவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

மிச்சத்தை மாநில அரசு போடுகிறது. 2011இல் மொத்தத் தொகை மாதம் 1,000 ஆனது. பன்னிரண்டு வருஷம் அதே 1,000தான். 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. அதாவது 70 வயது முதியவர் வாங்கும் 1,200இல் 200 மட்டும் டெல்லியின் பணம், 1,000 சென்னையின் பணம்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மாநிலத்துக்கு இத்தனை பேர் வரைதான் எங்கள் பங்கு என்று மத்திய அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த எண்ணிக்கைக்கு அடிப்படை 2001 கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு முதியவர்கள் எவ்வளவு கூடினாலும் கூடுதல் ஆட்களுக்கான செலவு மாநிலத்தின் தலையில்தான் விழும். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்து, சீக்கிரம் முதுமைக்கு வந்துவிட்ட மாநிலங்களுக்கு இது பெரிய அநியாயம்.

யார் வாங்கலாம்

60 வயது நிறைந்திருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே, பிழைக்க வேறு வழி இல்லாதவராக இருக்க வேண்டும். நிலம், வீடு போன்ற நிலையான சொத்தின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. முன்பு இது 50,000ஆக இருந்தது. மகன் பெயரில் சொத்தோ சம்பளமோ இருந்தால், பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறாரா என்று விசாரணையில் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பார்த்துக்கொள்ள வசதி இருந்தும் கைவிட்ட பிள்ளைகள்மீது 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுத்து மாதாமாதம் ஜீவனாம்சம் கேட்க முடியும். அது தனி வழி.

கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், 50 வயதைத் தாண்டிய திருமணமாகாத ஏழைப் பெண்கள் ஆகியோருக்கும் தனித்தனிப் பென்சன்கள் இருக்கின்றன. ஒருவர் ஒன்றைத்தான் வாங்கலாம். 60 ஆகும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாத பல பெண்கள் இது தெரியாமல் காத்திருக்கிறார்கள். மகளிர் உரிமைத்தொகை பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள்: பென்சன் வாங்குகிறவருக்கே உரிமைத்தொகையும் சேர்த்துக் கிடைக்காது. ஆனால் வீட்டில் முதியோர் பென்சன் வருகிறது என்பதற்காக, தகுதியுள்ள மருமகள் விண்ணப்பிக்கக் கூடாது என்றில்லை.

பென்சனோடு மாதம் 4 கிலோ அரிசியும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டியோ சேலையோ உண்டு. சத்துணவு மையத்தில் சாப்பிடுகிறவர்களுக்கு அரிசி 2 கிலோ. கேட்டு வாங்க வேண்டும்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போடுவது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து வி.ஏ.ஓ.வுக்கும் ஆர்.ஐ.க்கும் (வருவாய் ஆய்வாளர்) போய், அவர்கள் விசாரித்து எழுதிய பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் முடிவு செய்வார். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

போவதற்கு முன்னால் ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு ஜனவரி 1 என்றுதான் இருக்கும். முகாம் போட்டு ஆதார் எடுத்தபோது குத்துமதிப்பாக ஒரு வருஷத்தைச் சொல்லி, அதுவே பதிவாகிவிட்டது. வாக்காளர் அட்டையில் 66, ஆதாரில் 57 என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு வருவதுதான் வேகமான வழி.

கஜா வந்தபோது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்து, பல வாரம் கரண்ட் இல்லை. மரம் ஏறுகிறவர், தேங்காய் உரிக்கிறவர், கீற்று முடைகிறவர், கயிறு திரிக்கிறவர், லாரிக்காரர் என்று ஒரு தென்னையை நம்பி இத்தனை பேர் பிழைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் வேலை போனது.

அப்போது பென்சன் 1,000 ரூபாய். ஒரு ஊரில் 150 பேர் வாங்கினால் மாதம் 1,50,000. ஓர் ஊரை நிமிர்த்த அது போதாது. ஆனால் அந்தப் பணம் வெளியூர் போகாது. அரிசி, பருப்பு, மருந்து, டீ என்று அந்தத் தெருவிலேயே சுற்றும். கையில் காசில்லாத குடும்பத்துக்கு மளிகைக்காரர் கடன் கொடுத்தார் என்றால், அந்த வீட்டு ஆயாவுக்குப் பென்சன் வரும் என்று அவருக்குத் தெரியும், அதுதான் காரணம். 2020 ஊரடங்கிலும் இதையே பார்த்தோம். திருப்பூரிலிருந்து வேலை இழந்து வந்த மகன், மருமகள், பிள்ளைகள் எல்லாருக்கும் அப்பாயியின் பணத்தில்தான் உலை கொதித்தது. அப்போது மத்திய அரசும் தன் பங்கு போகும் பென்சன்காரர்களுக்கு இரண்டு தவணையாக 1,000 ரூபாய் கூடுதலாகவும் போட்டது.

சரி, தோப்பு வைத்திருந்தவர்? அவர் கதை வேறு. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம். நாட்டுத் தென்னையை மறுபடி வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். வீரிய ஒட்டு ரகம் என்றால் மூன்று நான்கு வருஷம், ஆனால் தண்ணீரும் உரமும் கவனிப்பும் அதிகம் வேண்டும். 40 வயதுக்காரர் கன்று வைப்பார். எங்கள் சித்தப்பாவுக்கு அப்போது 64. விழுந்த தோப்பில் நின்றுகொண்டு, "நான் வெச்சு யாரு பறிக்கப் போறா? பயலுக சென்னையில இருந்து வரப்போறானுங்களா?" என்றார். ரொம்ப நாள் அந்த இடம் சும்மாவே கிடந்தது. ஒரு வட்டாரம் மீண்டுவருவதை வயது எப்படித் தீர்மானிக்கிறது என்று நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். நிவாரணம் எல்லாருக்கும் ஒரே கணக்கில் வந்தது. மறுபடி நடுகிற தெம்பு அப்படி வரவில்லை.

சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு முதியோர் பென்சனும் கிடைக்காது. ஓர் ஏக்கர் இருந்தாலே சொத்து மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டிவிடும். மரம் நிற்கிறதா, விழுந்து கிடக்கிறதா என்று விதி பார்ப்பதில்லை. இந்த இடத்தில் விதியைத் திருத்தவே வேண்டும்: பேரிடர் அறிவித்த வட்டத்தில், விளைச்சல் திரும்பும் வரைக்குமாவது 60 தாண்டிய சிறு விவசாயிக்கு இந்தச் சொத்துக் கணக்கைத் தளர்த்தலாம்.

இப்போதைக்கு அவருக்கு இருப்பவை இரண்டு. ஒன்று மத்திய அரசு விவசாயிக்குத் தரும் பி.எம். கிசான், வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. இன்னொன்று முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். நன்செய் 2.5 ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கருக்குள் நிலம் வைத்து நேரடியாகப் பயிர் செய்கிறவரும், விவசாயக் கூலிகளும் 18 முதல் 65 வயதுக்குள் உறுப்பினராகலாம். அந்த அட்டை வைத்திருப்பவர்களுக்கென்று தனிப் பென்சன் பிரிவு இருக்கிறது. பழைய அட்டை பெட்டியில் கிடந்தால் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸில் கேளுங்கள். மத்திய அரசின் விவசாயி பென்சன் என்று 2019இல் வந்த மான்தன் திட்டத்தில் 40 வயதுக்குள் சேர்ந்தால்தான் உண்டு. இன்றைய முதியவருக்கு அதனால் பயனில்லை.

பணம் நின்றுவிட்டால்

மகன் வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டு வரப் போகிற பெரியவர்களுக்கு இது முக்கியம். கள ஆய்வுக்கு வரும்போது வீடு பூட்டியிருந்து, ஆள் இல்லை என்று அறிக்கை போனால் பென்சன் நின்றுவிடும். போகும்போது வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரேயடியாக வேறு தாலுகாவுக்குக் குடிபோனால் பென்சனையும் அங்கே மாற்ற மனு கொடுக்க வேண்டும்.

விண்ணப்பம் தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காரணத்துக்குப் பதிலோடு ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு செய்யலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி எண் 1100இல் புகார் பதியலாம், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரல் ரேகை விழவில்லை என்பதற்காக யாருக்கும் பென்சன் ரத்தாகாது. பணம் கணக்கில்தான் இருக்கும். பாஸ்புக்கோடு வங்கிக் கிளைக்குப் போய் எடுக்கலாம். எதிர்வீட்டு அப்பாயியை இரண்டு முறை நானே பைக்கில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கேஷியரிடம் கைநாட்டு வைத்துப் பணத்தை வாங்கியதும், வழியில் மளிகைக் கடையில் நிறுத்தச் சொன்னார்.